'படலை மட்டும்' நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னுடைய இளையோர் நாவல் 'படலை மட்டும்' வெளிவந்த நாள் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவர்களின் தாய்மாரும் ஆசிரியர்களும் கேட்டு எழுதுகிறார்கள். பல கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. தனித்தனியே எழுதிய பதில்களை இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். கதையின் கடைசிப் பகுதி பற்றிய கேள்வியும் இதில் உண்டு. இன்னும் வாசித்து முடிக்காதவர்கள் 'மாமா' என்ற சொல் வரும் கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

என்ன கதை இது?

இலங்கையின் வன்னியிலுள்ள முதிரைமோட்டை என்ற கிராமத்தில் அம்மம்மாவோடு இருக்கிறாள் தனுசியா. வயது 15. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஊரில் யாராவது செத்தால், 31 ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அந்த ஆள் அவள் கண்ணில் படுகிறார். கிணற்றடியில், மாட்டுப் பட்டியில், பஸ்ஸுக்கு நிற்கும் மரத்தடியில், உயிரோடு இருந்தபோது எங்கே அதிகம் நின்றாரோ அங்கேயே நிற்கிறார். போக வழி தெரியாதவர்களை ஊர் எல்லை மட்டும் கூட்டிக்கொண்டுபோய் விடுவது அவள் வேலையாகிவிடுகிறது. கதை 2023 ஆடியில் தொடங்கி அடுத்த வைகாசியில் முடிகிறது.

'படலை மட்டும்' என்றால் 'படலை மாத்திரம்' என்று பொருளா?

தமிழ்நாட்டு வாசகர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். எங்கள் பேச்சில் 'மட்டும்' என்றால் 'வரை' என்றும் பொருள். "சந்தி மட்டும் வாறன்" என்றால், சந்திவரை உன்னோடு வருகிறேன் என்று அர்த்தம். படலை என்பது வளவு வேலியின் வாசற்கதவு. முன்பு தடியும் ஓலையும் வைத்துக் கட்டினார்கள், இப்போது பெரும்பாலும் தகரம்.

செத்தவீட்டில் பிரேதத்தைத் தூக்கும்போது பெண்கள் குழறிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். படலைக்கு வந்ததும் யாராவது பிடித்து நிறுத்துவார்கள். ஆண்கள் சுடலைக்குப் போவார்கள், பெண்கள் வீடு கழுவத் திரும்புவார்கள். சின்ன வயதில் அதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரத்தில் பாடை போய்க்கொண்டிருக்கும், பெற்றவள் படலைக் கட்டையைப் பிடித்தபடி நிற்பாள். அவள் நிறுத்தப்பட்ட அந்த இடத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை நடக்கத் தொடங்கினால் என்ன என்ற நினைப்பில்தான் முதல் பக்கத்தை எழுதினேன். தனுவுக்கும் ஒரு படலை உண்டு. ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் உக்கிப்போய்க் கிடக்கும் பழைய தோட்டப் படலை அது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது.

தனுவுக்கு என்ன சக்தி? எப்படி அவர்களை வழியனுப்புகிறாள்?

சக்தி எதுவும் இல்லை. மந்திரமும் தெரியாது. அவளிடம் இருப்பது முறை, அதாவது உறவுமுறை.

வன்னியில் முன்பின் தெரியாத பிள்ளையைக் கண்டால் பெரியவர்கள் முதலில் கேட்பது "நீ ஆற்றை பிள்ளை?" என்றுதான், யாருடைய பிள்ளை என்று அர்த்தம். பெயரைப் பிறகுதான் கேட்பார்கள், சில நேரம் கேட்காமலே விடுவார்கள். நாவலில் செத்தவர்களும் தனுவைக் கண்டதும் இதையே கேட்கிறார்கள். அவள் தாய், அம்மம்மா, அம்மம்மா கலியாணம் முடித்து வந்த ஊர் என்று சொல்லிக்கொண்டே போவாள். எங்கேயோ ஒரு கண்ணி பிடிபடும். "அப்ப நீ எனக்குப் பேத்தி முறையெல்லோ" என்பார் அவர். "ஓம் அப்பப்பா, வாங்கோ" என்பாள் இவள். அந்தச் சொல்லுக்குத்தான் கால் அசையும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.

இதை நான் யோசித்தே எழுதினேன். சோதனைச் சாவடியிலும் முகாம் பதிவிலும் நிவாரண வரிசையிலும் எங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அதிகாரம் உள்ள எவரும் பெயரைக் கூப்பிடலாம். முறை சொல்லிக் கூப்பிடுவதற்கு உரித்து வேண்டும்.

14 ஆம் அத்தியாயத்தில் ஒரு சின்னப் பெண்பிள்ளை வருகிறது. ஆறோ ஏழோ வயது. 2009 முதல் அதே கிணற்றடியில் நிற்கிறது. குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை, எந்த ஊர் என்று சொல்லவும் தெரியவில்லை. "நீ ஆற்றை பிள்ளை?" என்று இந்தத் தடவை தனுதான் கேட்கிறாள். "அம்மாவின்ரை பிள்ளை" என்கிறது அது. மூன்று அத்தியாயங்களாக ஊர் ஊராக விசாரித்தும் முறை கிடைக்கவில்லை. கடைசியில் "நீ என்ரை தங்கச்சி, வா" என்று கூப்பிடுகிறாள். பிள்ளை வருகிறது.

அப்படி எடுத்துக்கொண்ட முறைக்குக் கடமையும் உண்டு. தங்கச்சி செத்தால் அக்காவுக்குத் துடக்கு, அதாவது தீட்டு. 31 நாள் தனு கோயிலுக்குள் போகவில்லை, பிள்ளையார் கோயில் பொங்கலுக்கு வெளியே நிற்கிறாள், ஏன் என்று கேட்ட ஊருக்குப் பதில் சொல்லாமல் இருக்கிறாள். புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஏன் 31 அத்தியாயங்கள்?

எங்கள் பக்கத்தில் சைவர்களுக்கு 31 ஆம் நாள் அந்தியேட்டி. அதற்கு முன்னால் காடாத்து, எட்டாம் நாள் எட்டுச்செலவு. எட்டுச்செலவுக்குச் செத்தவருக்கு விருப்பமான சாப்பாடுகளைச் சமைத்துப் படைப்பார்கள். குடித்தவருக்குச் சாராயமும் சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டும்கூட வைக்கும் வீடுகள் உண்டு. அந்தியேட்டியோடு அவர் வீட்டு மனுசர் என்ற நிலையிலிருந்து பிதிர் என்ற நிலைக்குப் போகிறார். பிறகு வருடாவருடம் திவசம், தகப்பன் இல்லாதவருக்கு ஆடி அமாவாசை, தாய் இல்லாதவருக்குச் சித்திரா பௌர்ணமி. ஒரு மனிதரை ஒரே நாளில் விட்டுவிட முடியாது என்று தெரிந்தவர்கள்தான் இந்த நாள்களைப் பிரித்து வைத்திருக்க வேண்டும். நாவலையும் அந்த வேகத்திலேயே நடக்கவிட்டேன். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு முழுச் சமையல் வருவது அதனால்தான். "அந்த அத்தியாயம் நீளம், கதை நிற்குது" என்று சொன்னவர்களுக்கு: அது நிற்கத்தான் வேண்டும்.

பயமாக இருக்குமா? எந்த வயதுப் பிள்ளைகள் வாசிக்கலாம்?

12 வயதுக்கு மேல் வாசிக்கலாம். முனியோ கொள்ளிவாய்ப் பேயோ இதில் இல்லை. இருட்டில் திடீரென்று எதுவும் பாயாது. பயத்தைவிட அழுகை வரலாம். 22 ஆம் அத்தியாயத்தில் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், நடப்பது ஒன்று உண்டு. அதைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வாசிப்பது நல்லது.

உப்புநீரில் விளக்கு எரிவது நீங்கள் கற்பனை செய்ததா?

எங்கள் ஊரவர் யாரும் இதைக் கேட்டதில்லை, வெளியூரவர்கள் கேட்கிறார்கள். அது வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் வழக்கம். வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து அந்த நீரில் விளக்கேற்றுவார்கள். ஒரு கிழமை, ஏழு நாளும், எரியும். பிறகு பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போகும்.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மதுரையை எரித்த பிறகு கண்ணகி ஒரு கிழவியாக நந்திக்கடல் கரைக்கு வந்தாளாம். மாடு மேய்த்த பொடியள் அவளுக்கு இடம் கொடுத்து, பொங்கியும் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணியை விட்டு ஏற்றச் சொன்னாள், எரிந்தது. தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்றாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள்.

அந்தக் கண்கள் சின்ன வயதில் என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு வளர்ந்து யோசித்தபோது வேறொன்று பிடிபட்டது. அநியாயமாகப் புருசனைப் பறிகொடுத்த ஒருத்தி, எல்லாவற்றையும் கண்டுவிட்ட கண்களோடு, எங்கள் கரையில் வந்து இருந்திருக்கிறாள். அவளை யாரென்று கேட்காமல் சோறு போட்டவர்கள் பிள்ளைகள். நாவலின் முழு மனமும் எனக்கு அந்தக் கதைக்குள் இருந்தது.

கோயில் விளக்கை நான் கதைக்குள் இழுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தனு ஏற்றுவது அவளுடைய சொந்த விளக்கு, தேங்காய்ச் சிரட்டையில். முதல் இரண்டு தரம் அது பற்றவும் இல்லை.

முதிரைமோட்டை எங்கே இருக்கிறது?

வரைபடத்தில் தேடவேண்டாம், நான் வைத்த பெயர். ஆனால் வன்னியில் ஊர்ப்பெயர் வைப்பது கடினமே இல்லை. ஒரு மரத்தையோ மிருகத்தையோ வேறொன்றையோ சொல்லி, பின்னால் தண்ணீர் நிற்கும் இடத்தைச் சொன்னால் போதும்: குளம், மோட்டை, மடு, முறிப்பு, ஊற்று. புளியங்குளம், பாலமோட்டை, கற்சிலைமடு, தண்ணிமுறிப்பு, தண்ணீரூற்று. மழையை நம்பி வயல் செய்த சனத்துக்குத் தண்ணீர் நிற்கும் இடம்தான் ஊர். என் கிராமத்தை ஒட்டுசுட்டானுக்கும் முள்ளியவளைக்கும் இடைப்பட்ட காட்டோரமாக மனதில் வைத்துக்கொண்டு எழுதினேன். பாலைப்பழம் பழுக்கும் காலமும், குளத்துக்கட்டுப் பிள்ளையாரும், இரவில் யானை வந்தால் தகரம் தட்டும் சத்தமும் நான் வளர்ந்த இடத்திலிருந்து எடுத்தவை.

பறையடிக்கும் ஐயாவை ஏன் அவ்வளவு முக்கியமாக்கினீர்கள்?

தனு யாரைக் காண்கிறாள் என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். செத்தவீட்டுக்கு மேளம் அடித்தே வாழ்ந்தவர், படலைக்கு வெளியே நின்றே எல்லாச் சாவையும் பார்த்தவர். அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எழுபது வயது மனிதருக்கு ஊர் ஒரு முறைப்பெயர் கொடுக்கவில்லை. சாதி அப்படித்தான் வேலை செய்கிறது. ஊருக்கெல்லாம் மாமா, பெரியப்பா, அண்ணை என்று முறை கொண்டாடும் நாங்கள், சிலரை மட்டும் அந்த வலைக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். இன்னும் வைத்திருக்கிறோம்.

11 ஆம் அத்தியாயத்தில் தனு அவரைப் "பெரியப்பா" என்கிறாள். அம்மம்மா கையிலிருந்த சுளகு நிற்கிறது. இந்த இடத்தை எடுத்துவிடச் சொல்லி எனக்கு வந்த கடிதங்களுக்கு ஒரே பதில்தான்: எடுக்கமாட்டேன். உயிரோடு இருக்கும் ஒருவரை முறை சொல்லிக் கூப்பிடத் தெரியாதவளால் செத்தவர்களைக் கூப்பிடவே முடியாது.

கத்தோலிக்க, முஸ்லிம் பாத்திரங்களுக்கும் சைவச் சடங்கைத்தானே வைத்திருக்கிறீர்கள்?

இல்லை. தனுவின் தோழி மெரீனா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள். அவளுடைய பெரியம்மா 2004 டிசம்பர் 26 கடல்கோளில் போனவர். நவம்பர் 2 ஆம் திகதி கல்லறைகளைத் துப்புரவாக்கி மெழுகுதிரி கொளுத்தும் பகுதியில், தனு தூரத்தில் நிற்கிறாளே தவிர எதையும் செய்வதில்லை. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காக மெரீனாவின் வீடு செபிக்கிறது. அங்கே வழிகாட்ட இவள் தேவையில்லை.

முஸ்லிம் குடும்பம் பற்றிய அத்தியாயத்தை இரண்டு தரம் எழுதினேன். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிச் சனமும் வெறுங்கையோடு போனார்கள். புத்தளத்தில் செத்துப்போன ஒரு வாப்பும்மா தன் பழைய வளவுக்குத் திரும்பி வந்து நிற்பதாக முதலில் எழுதியிருந்தேன். வாசித்த தோழி ஒருத்தி, "எங்கட நம்பிக்கையில மௌத்தானவங்க அப்படி அலையிறதில்லை, அவங்க பர்ஸகுல இருப்பாங்க" என்றாள். சாவுக்கும் மறுமைக்கும் இடைப்பட்ட நிலைதான் பர்ஸகு. அவள் சொன்னது சரி. என் கதைக்காக இன்னொருவருடைய மறுமையை வளைக்கக் கூடாது. இப்போது புத்தகத்தில், பேத்தி வந்து முப்பது வருடத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடந்த கிணற்றைப் பார்க்கிறாள். தனுவின் கண்ணுக்கு அங்கே ஒருவரும் தெரியவில்லை. இருவரும் தண்ணி அள்ளிக் குடிக்கிறார்கள்.

இது போர்க்கதையா?

வன்னியில் இன்றைக்கு மனிதர்கள் பாம்பு கடித்துச் சாகிறார்கள், யானை அடித்துச் சாகிறார்கள், ஏ9 வீதியில் வாகனம் மோதிச் சாகிறார்கள், சிறுநீரக நோயில் சாகிறார்கள், வயது போய்ப் படுக்கையில் சாகிறார்கள். தனு வழியனுப்புபவர்களில் பாதிப்பேர் இவர்கள்தான். ஆனால் 31 நாளைத் தாண்டியும் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொள்ளி வைக்க ஆளில்லை, அழ நேரமில்லை, எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. 2009 இல் எனக்கு 12 வயது. நடந்துகொண்டே இருந்தோம். வழியில் கிடந்தவர்களைக் கடந்து போனோம், நின்று ஒரு துணி போர்த்தவும் முடியவில்லை. அந்தக் கடன் எனக்கு உண்டு.

நந்திக்கடலில் திரும்பிப் பார்த்தவர்களில் தனுவின் மாமா இருந்தாரா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. 29 ஆம் அத்தியாயத்தில் தனு, காணாமல் ஆக்கப்பட்ட தன் மாமாவைத் தேடி, சிரட்டை விளக்கோடு நந்திக்கடல் கரையில் நின்று "மாமா, வாங்கோ" என்று கூப்பிடுகிறாள். தண்ணீருக்குள் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் திரும்புகிறார்கள். எல்லாரும் யாரோ ஒரு பிள்ளைக்கு மாமா. அவளோ தனக்கு ஒரு வயதாக இருந்தபோது மாமாவைப் பார்த்தவள். கையில் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படம். அம்மம்மா வீதியோரக் கொட்டிலில் பிடித்துக்கொண்டு இருந்து இருந்து, வெயிலில் முகம் வெளிறிப்போன படம்.

பதில் சொல்லமாட்டேன். தெரிந்துகொண்டு ஒளிக்கவில்லை, எழுதும்போதும் நான் அந்த முகங்களுக்கு அருகில் போகவில்லை.

2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடங்கினார்கள். அதில் இருந்த தாய்மார், தகப்பன்மார் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். செத்தார் என்று சொல்லாமல், ஆள் இல்லை என்பதை மட்டும் பதியும் சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது. அதையும் வாங்கமாட்டோம் என்று சொன்ன தாய்மார் உண்டு. அந்த வீடுகளில் ஆடி அமாவாசை வந்தால் விரதம் பிடிப்பதா விடுவதா என்று ஒரு பிள்ளை தகப்பனுக்காக யோசிக்கிறது. பொட்டு வைப்பதா விடுவதா என்று ஒரு மனைவி ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள். மகனுக்கு அந்தியேட்டி செய்தால் மகனைத் தானே கொன்றதுபோல் ஆகிவிடும் என்று நினைக்கும் தாயிடம், என் கதையில் வரும் பிள்ளை "கண்டனான், அனுப்பிப்போட்டன்" என்று சொல்லலாமா? பேனையால் கொள்ளி வைக்க எனக்கு உரித்தில்லை.

ஏமாற்றிவிட்டீர்கள் என்று கோபமாக எழுதிய பிள்ளைகளே, உங்கள் கோபம் நியாயம். 30 ஆம் அத்தியாயத்தில் தனுவும் அந்தக் கோபத்தோடுதான் விளக்கைத் தண்ணீரில் எறிகிறாள். அந்தக் கோபத்தை ஆற்றாமல் விட்டது என் முடிவு. பதில் சொல்லவேண்டியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அந்த வேலையை ஆவிகளிடம் கொடுக்க நான் விரும்பவில்லை.

அண்மையில் எங்கள் வீட்டில் சாவு நடந்தது. இதை வாசிக்கலாமா?

அவசரப்படவேண்டாம். அந்தியேட்டி கழியட்டும். புத்தகம் எங்கேயும் போகாது. வாசிக்கும்போது நெஞ்சு அடைத்தால் மூடிவைத்துவிட்டு, செத்தவரைத் தெரிந்த ஒருவரோடு அவரைப் பற்றிக் கதையுங்கள். நித்திரை இல்லாமல், சாப்பாடு பிடிக்காமல், தானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் அதைத் தனியே சுமக்கவேண்டாம். இலங்கையில் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் கேட்பார்கள். ஒரு ரீச்சரிடமோ மாமியிடமோ இன்றைக்கே சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நாடகமாகப் போடலாமா? இரண்டாம் பாகம் வருமா?

போடுங்கள், அனுமதி கேட்கத் தேவையில்லை. பறையை உண்மையான கலைஞரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லுங்கள், ஒலிப்பதிவு வேண்டாம். இரண்டாம் பாகம் இல்லை.

உங்கள் வீட்டில் யாராவது வாசித்தார்களா?

அம்மம்மாவுக்குக் கண் தெரியாது. என் மச்சாள் ஒவ்வொரு பின்னேரமும் விறாந்தையில் இருந்து வாசித்துக் காட்டினாள். எட்டுச்செலவுச் சமையலில் நான் விட்ட பிழைகளை அம்மம்மா திருத்தினார். முருங்கையிலைச் சுண்டல் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியாதாம்.

எங்கள் வீட்டிலும் ஒரு மாமா உண்டு. 2009 மேயில் கடைசியாகப் பார்த்தபோது நீலச் சாரம் கட்டியிருந்தார்.

நந்திக்கடல் அத்தியாயத்தை வாசித்த அன்று அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அந்தத் தண்ணிக்குள்ள நிண்டவையில நீலச் சாரம் கட்டினவன் ஆரும் நிண்டவனோ?"

"இல்லை அம்மம்மா. நான் அப்பிடி ஒருத்தரையும் எழுதேல்லை."

"அப்ப சரி" என்றார், படுக்கப் போனார்.